உடைந்ததெல்லாம் வீட்டுக்கு

முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு வறுக்கிற வாசம் ஊரில் எல்லாருக்கும் பிடிக்கும். எனக்கு மட்டும் அந்த வாசம் ஆகாது. சவூதியில், தமாமில், ஒரு கட்டுமானக் கம்பெனியின் ஸ்டோரில் இருபத்தாறு வருஷம் இருந்தவன் நான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவேன். லீவு முடிய நாலைந்து நாள் கிடக்கும்போது, ஒரு காலையில் அடுக்களையிலிருந்து அந்த வாசம் கிளம்பும். அப்புறம் யாரும் எதையும் வாயால் சொல்ல வேண்டியதில்லை, நான் எழுந்துபோய்ப் பரணில் இருந்து பெட்டியை இறக்குவேன்.

கடல் தாண்டிப் போகிறவனுக்கு எங்கள் பக்கத்தில் முந்திரிக்கொத்துதான் கொடுத்தனுப்புவார்கள், மாதம் ஒன்றானாலும் கெடாது என்பதால். வறுத்துப் பொடித்த பயறு, சர்க்கரைப் பாகு, தேங்காய் எல்லாம் சேர்த்து உருட்டி, மும்மூன்றாக ஒட்டி, அரிசிமாவில் முக்கி எண்ணெயில் போட்டு எடுப்பது. எடுக்கும்போது சிலது கொத்து விட்டுப் பிரியும், சிலது உடையும். என் மனைவி செல்லபாய் அதில் ஒரு சட்டம் வைத்திருந்தாள். முழுசாக வந்தது டின்னுக்கு, பயணம் போகிறவருக்கு. உடைந்தது வீட்டில் இருப்பவர்களுக்கு. எங்கள் மகள் ஜினி சின்னப் பிள்ளையில் முழுக்கொத்தில் கை வைத்துப் புறங்கையில் அடி வாங்கியிருக்கிறாள். "அது அப்பாக்கு. உனக்கு உடைஞ்சது கெடக்கு பாரு" என்பாள் செல்லபாய். டின் நிறைந்ததும் மூடியைச் சுற்றிப் பழுப்பு டேப்பை இழுத்து இழுத்து ஒட்டுவாள். அந்த டேப்பை அப்புறம் நான்தான், தமாமில் எங்கள் அறைக்காரர்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்த பிறகு, பிரிப்பேன்.

இந்த வருஷம் பிப்ரவரி கடைசியில் கணக்கை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டேன். திருவட்டாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வந்து எட்டு மாதமாகிறது. உண்மையைச் சொன்னால், எட்டு மாதமாக நான் லீவில்தான் இருந்தேன்.

என் லீவுக்கென்று செல்லபாய் வைத்திருக்கும் பூப்போட்ட பீங்கான் தட்டு இன்னும் அலமாரிக்குத் திரும்பவில்லை. தினமும் மீனோ கோழியோ உண்டு. நான் ஒரு தம்ளர் தண்ணீர் எடுக்க எழுந்தால், "நீங்க இரியுங்க" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். வாழைக்குத் தண்ணீர் விடப் போனால் மோட்டார் சுவிட்சில் அவள் கை முன்னமே இருக்கும். துவைத்த துணியைக் கொடியிலிருந்து எடுத்ததற்கு ஒருநாள் உண்மையாகவே கோபித்துக்கொண்டாள். தமாமில் வெள்ளிக்கிழமைதோறும் எட்டு பேருக்குச் சமைத்தவன் நான். அதைச் சொன்னால் அவள் நம்புவதில்லை, அல்லது நம்ப விரும்புவதில்லை. அந்த வீட்டைத் தனியாகவே நடத்திப் பழகிவிட்டாள். பால்காரன், கரண்ட் பில், சபைப் பெண்கள் ஐக்கிய சங்கம், ஜினியின் காலேஜ், அப்புறம் திருவனந்தபுரத்தில் ஜினிக்கு வேலை, எல்லாம் நான் இல்லாமலேதான் நடந்தது. இடையில் வந்து நுழைந்தவனை அவளுக்கு எங்கே வைப்பதென்று தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆகவே பூப்போட்ட தட்டின் முன்னால் உட்கார்த்தி வைத்திருந்தாள்.

எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு ஜினி ஒரு காரியம் செய்தாள். சிற்றாறு அணைப் பக்கம், ரப்பர் தோட்டத்தின் அடியில், தண்ணீர்க் கரையில் கூடாரம் அடித்துத் தங்க விடுகிறார்களாம். எங்கள் இருவருக்கும் வெள்ளிக்கிழமைக்கு ஒரு கூடாரம் பதிவு செய்துவிட்டாள். "நம்ம கட்டிலுக்கு என்ன கேடு" என்று அம்மா போனில் கத்தினாள். "கட்டில் அங்கதான் கெடக்கும். போயிட்டு வாங்கம்மா" என்று மகள் வைத்துவிட்டாள்.

அந்த வாரம் புதன்கிழமை பொன்னுலிங்கம் அழைத்தார். இராஜாக்கமங்கலத்துக்காரர், தமாமில் பல வருஷம் எனக்கு அடுத்த கட்டில். இப்போது கத்தாரில் ஒரு கம்பெனிக்கு ஸ்டோர் மேனேஜர். "ஏலே மக்கா, ஒரு ஆளு வேணும். உன்னை விட்டா எனக்கு வேற ஆரையும் நம்பிக்கையில்ல. வெள்ளிக்கிழமை சாயந்தரத்துக்குள்ள பதில் சொல்லு, இல்லேன்னா அவனுவ வேற ஆள எடுத்துருவானுவ" என்றார். கத்தாருக்கு வருவதை வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நான் பேசிக்கொண்டிருந்த இடத்துக்கு நேர் பின்னால் செல்லபாய் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பேச்சு நடுவே குழாய்ச் சத்தம் நின்றது. போனை வைத்ததும் மறுபடி குழாய் ஓடத் தொடங்கியது.

அவள் கேட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அவளாக ஏதாவது சொல்லட்டும் என்று அன்று முழுவதும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலையில் படுக்கையில் கண் விழிக்கும்போது அடுக்களையிலிருந்து சிறுபயறு வறுக்கிற வாசம் வந்தது.

எனக்குப் போக மனமில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தாறு வயதில் மறுபடி ஒரு அறையில் அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் படுக்க எந்த மனிதனுக்கு ஆசை வரும்? அவள் வாயிலிருந்து ஒரே ஒரு 'போவாண்டாம்' வந்திருந்தால் அன்றைக்கே பொன்னுலிங்கத்திடம் முடியாது என்றிருப்பேன். ஆனால் வாயைவிட அடுக்களை முந்திக்கொண்டது. மத்தியானம் சாப்பாட்டு மேசையில் டின் இருந்தது. மூடியைச் சுற்றிப் பழுப்பு டேப் ஒட்டியாகிவிட்டது. இருபத்தாறு வருஷமாக அந்த டின்னுக்கு ஒரே அர்த்தம்தான். நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே அந்த டின்னைப் பார்த்தேன். நல்ல நெய்மீனைப் பாதியில் தட்டிலேயே விட்டு எழுந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் காரை எடுத்தேன். செல்லபாய் வழக்கம்போலப் பின்சீட்டில் ஏறினாள். லீவில் வாடகைக் கார் வைத்துப் போகும்போது நான் டிரைவர் பக்கத்திலும் அவளும் பிள்ளையும் பின்னாலும் இருப்போம், அந்தப் பழக்கம். மடியில் ஒரு பெரிய பையை வைத்துக்கொண்டு, குலசேகரம் தாண்டி ரோடு குண்டும் குழியுமானபோதெல்லாம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "மெதுவா போங்க, மெதுவா போங்க" என்று களியல் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். பையை டிக்கியில் வைக்கலாமே என்றேன். "உங்க சோலியப் பாருங்க" என்றாள். சரிதான், எனக்கென்று அந்த வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே சோலி கார் ஓட்டுவதுதான்.

தோட்டத்துக்குள் மண்பாதை. காரை மேலேயே நிறுத்திவிட்டு நடந்து இறங்கினோம். ரப்பர் மரங்கள் முடிந்து ஆஞ்சிலியும் காட்டு மரங்களும் தொடங்குகிற இடத்தில் தண்ணீர் தெரிந்தது. ஐப்பசித் துலா மழை பெய்து அணை நிறைந்து கிடந்தது. கரையோரத்து மரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றன. அக்கரையில் ஆள் அரவம் இல்லாத காடு, அதற்கு மேலே மலை. காற்று நின்றபோது அந்த மலை முழுவதும் தண்ணீரில் கிடந்தது. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை, இந்த இடத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. லீவில் வருகிறவனுக்குக் கல்யாண வீடும் துக்க வீடும் பார்க்கவே நாள் சரியாக இருக்கும்.

சுனிதா என்ற நடுவயதுப் பெண் எங்களை வரவேற்றாள். தோட்டம் அவர்களுடையது. கணவன் ரப்பர் பார்க்கிறான், இவள் கூடாரங்களைப் பார்க்கிறாள். நாலு கூடாரத்தில் அன்றைக்கு எங்களுடையது மட்டும்தான். விறகும் சட்டியும் கப்பைக்கிழங்கும், அணையில் பிடித்த இரண்டு கெண்டை மீனும் தந்தாள். சமையல் வந்தவர்களேதான் செய்துகொள்ள வேண்டுமாம், அதற்காகத்தான் இங்கே ஆட்கள் வருகிறார்களாம். செல்லபாய்க்கு அது மிகவும் பிடித்துவிட்டது. கூடாரம்தான் பிடிக்கவில்லை. குனிந்து உள்ளே போய் நாலு மூலையையும் தட்டிப் பார்த்தாள். ஜிப்பை மேலும் கீழும் இழுத்தாள்.

"இதுக்கு பூட்டு எங்க?" என்று கேட்டாள்.

"பூட்டு கெடையாதும்மா. இங்க ஆரும் வரமாட்டாவ" என்றாள் சுனிதா.

"ஆனை வந்தா?"

"ஆனை அக்கரையிலதான். வந்தாலும் பூட்டுக்கு நிக்காது."

செல்லபாய் கொஞ்சம் யோசித்துவிட்டு, சொல்வது சரிதான் என்பதுபோலத் தலையசைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளைப் பிடிக்கும் எனக்கு. கல்யாணமான புதிதில் பிடித்ததைவிட அதிகமாகவே பிடிக்கும். விமானம் ஏறி ஏறிச் சேர்த்துவைத்த பிரியம், எங்கே கொட்டுவதென்று தெரியாமல் என்னிடம் கிடந்தது.

மூன்று கல் வைத்த அடுப்பு கரையில் இருந்தது. நான் விறகை அடுக்கி, காய்ந்த ரப்பர்ச் சுள்ளி இரண்டை அடியில் செருகினேன். குனிந்து ஊதப் போகும்போது செல்லபாய் வந்து நின்றாள்.

"நீங்க போயி இரியுங்க. புகை ஒத்துக்காது."

"எனக்கு ஒத்துக்கும். நான் பாத்துக்கிடுதேன்."

"இரியுங்கன்னா."

சுனிதா தண்ணீர் ஓரத்தில் இரண்டு மடக்கு நாற்காலி போட்டிருந்தாள். ஒன்றில் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் என் அடுப்பைச் செல்லபாய் கலைத்து மறுபடி அடுக்குகிற சத்தம் கேட்டது. ஒரு நீர்க்காகம் தண்ணீருக்குள் போய், எதிர்பார்க்காத இடத்தில் வெளியே வந்தது. காடும் தண்ணீரும் இவ்வளவு அமைதியாக இருக்கும்போது மனிதனால் தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்ள முடியவில்லை. வீட்டில் டின் இருக்கிறது. அதைச் சுற்றி டேப் இருக்கிறது. அவள் நல்லவள், வாய் திறந்து போ என்று சொல்ல மாட்டாள், அவளால் முடிந்த முறையில் சொல்லிவிட்டாள். மரியாதையுள்ளவன் அதைப் புரிந்துகொண்டு எழுந்திருக்க வேண்டும்.

எழுந்தேன். இங்கே போனுக்கு ரேஞ்ச் கிடைக்குமா என்று சுனிதாவிடம் கேட்டேன். கரையில் கிடைக்காது, மேலே ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகைக்குப் பக்கத்துப் பாறையில் ஏறினால் கிடைக்கும் என்றாள். அடுப்புப் பக்கம் பார்த்தேன். செல்லபாய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். நான் மேலே ஏறினேன்.

மூச்சு வாங்கியது. பாறையில் நின்று கொஞ்சம் தணிந்த பிறகு பொன்னுலிங்கத்துக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை லீவு, தூக்கத்திலிருந்து எழுந்த குரல்.

"வாறேன்" என்றேன்.

"நிசமாட்டா? செல்லபாய் என்ன சொல்லுது?"

"டின்னு ஒட்டியாச்சு."

அந்தப் பக்கம் மனிதர் குழந்தையாகச் சிரித்தார். எங்கள் அறையில் அந்த டின்னுக்காக அதிகம் காத்திருந்தது அவர்தான். "அப்ப உறப்பிச்சாச்சு, இனி மாத்தமில்ல. நாளைக்கு காலத்த பேப்பரு அனுப்புதேன்" என்றார். போனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். ரப்பர்ச் சருகு காலுக்கடியில் நொறுங்கியது. ஒரு பெரிய காரியத்தை முடித்துவிட்ட நிம்மதி வர வேண்டும், வரவில்லை.

கரைக்கு வந்தபோது அடுப்பில் சாயா கொதித்துக்கொண்டிருந்தது. செல்லபாய் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். மடியில் டின். மீன் வெட்டுகிற கத்தியின் நுனியால் அந்தப் பழுப்பு டேப்பைக் கீறிக்கொண்டிருந்தாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"இது எப்படி இங்க வந்தது?"

"நடந்தா வரும்? மடியில வச்சு கொண்டு வந்தேன். உங்க ஓட்டத்துக்கு டிக்கியில வச்சிருந்தா பொடிஞ்சிருக்கும்" என்றாள், தலை நிமிராமல். "இந்தச் சனியன் பிரிய மாட்டேங்கு."

"அத எதுக்குட்டி பிரிக்க?"

"பின்ன எதுக்கு, மாலை போட்டு வைக்கவா? சாயாக்கு திங்கதுக்கு."

"இது கத்தாருக்கு இல்லியா?"

கத்தி நின்றது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் விமான நிலையத்தில் அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும்போது பார்த்திருக்கிறேன்.

"அப்ப அன்னைக்கு போன்ல கேட்டது நிசம்தான்" என்றாள். "எனக்க காதுதான் கெட்டுப் போச்சோன்னு நினைச்சேன். நீங்களே வந்து சொல்லுவியன்னு பாத்தேன். ராத்திரி சொல்லுவிய, காலத்த சொல்லுவிய, கார்ல வச்சு சொல்லுவிய. ஒண்ணும் சொல்லல்ல."

"நீ சொல்லுவேன்னு நான் இருந்தேன். நீ பயறு வறுத்தே."

"வறுத்தா?"

"போகச் சொல்லுதேன்னு நினைச்சேன். இத்தன வருஷமும் அப்படித்தானே. நீ பயறு வறுப்பே, நான் பெட்டிய எறக்குவேன்."

செல்லபாய் கத்தியைத் தரையில் வைத்தாள். சண்டைக்குத் தயாராகும்போது அவள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள், அது எனக்குத் தெரியும்.

"கேளுங்க. இத்தன வருஷமா இந்தச் சாதனத்த செஞ்சு செஞ்சு குடுத்து விட்டிருக்கேன். நீங்க தின்னு ஒருநாளு நான் கண்டதுண்டா? நல்லா இருக்குன்னு போன்ல சொல்லுவிய, அவ்வளவுதான். நீங்க எப்படி திம்பியன்னு பொன்னுலிங்கம் அண்ணனுக்குத் தெரியும். உங்க ரூம்ல கெடந்தவன் எல்லாத்துக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. கல்யாண நாளாக்கும், ஒருநாளாவது எதுருக்க இருந்து பாக்கணும்னு ஆசப்பட்டு செஞ்சேன். இதுல எங்க வந்தது கத்தாரு?"

"பின்ன டேப்பு எதுக்கு ஒட்டினே?"

"கை தன்னால ஒட்டிப் போட்டு" என்றாள். "டின்ன மூடினா டேப்ப எடுக்குத கையாக்கும் இது. அத நான் என்ன செய்யட்டு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஆனால் சிரிக்கிற நேரம் இல்லை அது.

"செல்லபாய், நான் இப்பந்தான் மேல போயி வாறேன்னு சொல்லிட்டு வாறேன்."

சாயா பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் அதை இறக்கவில்லை. வழக்கமாக அடுப்பில் ஒரு சொட்டு சிந்தினால் ஊரைக் கூட்டுகிறவள். நானே போய்த் துணியை எடுத்துச் சட்டியை இறக்கி வைத்தேன். அவள் தடுக்கவில்லை.

"போகணும்னு ஆசையா இருக்கா?" என்று கடைசியில் கேட்டாள்.

"இல்ல."

"பின்ன?"

"அந்த வீட்டுல எனக்கு என்னட்டி இருக்கு? ஒரு கிளாசு தண்ணி எடுத்துக் குடிக்க விடமாட்டேங்கே. பூப்போட்ட பிளேட்டு, தெனமும் மீனு. விருந்துக்கு வந்தவன் எத்தன மாசம் இருப்பான்? எப்பம் எறங்குவான்னு நீ பாத்துட்டு இருக்கேன்னு நினைச்சேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புகை எங்கள் பக்கம் திரும்பியிருந்தது, ஆகவே இருவருக்கும் ஒரு சாக்கு இருந்தது.

"எனக்குப் பேடியா இருந்து" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "நீங்க லீவுல வரும்போ நல்லாக் கவனிச்சாலும் நாள் ஆனா போயிருவிய. இந்த தடவ போக மாட்டேன்னு வந்திருக்கிய. தண்ணி கோரு, தேங்கா உரின்னு பணி சொன்னா, இதுக்கு அங்கேயே கெடந்திருக்கலாம்னு தோணிருமோன்னு பயந்து ஒண்ணும் சொல்லல்ல. மீனு வாங்கி வச்சா இருப்பியன்னு நினைச்சேன்."

எட்டு மாதமாக நான் தின்ற மீன் எல்லாம் எனக்கு ஒரு நொடியில் வேறு மீனாகிவிட்டது. இவள் என்னைப் பயணத்துக்குத் தயார் செய்யவில்லை. பயணத்தைத் தடுக்கத்தான், தனக்குத் தெரிந்த ஒரே வழியில், தினமும் சமைத்துச் சமைத்துக் காவல் இருந்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பயந்து ஒரே வீட்டில் சத்தமில்லாமல் நடந்திருக்கிறோம். எனக்கு அவள் மேல் வந்த பிரியத்தை என்ன சொல்ல, அந்தக் கல்லிலேயே அவள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருவருக்கும் இடம் பற்றாத கல்.

"போவாண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ."

"போகல்லன்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லியிருக்கலாம்" என்றாள். அப்புறம் சட்டென்று எழுந்தாள். "ரேஞ்ச் எங்க கெடைக்கும்? வாங்க."

"நான் போயி பேசிட்டு வாறேன். ஏத்தம் இருக்கு, உனக்கு முட்டு வலி."

"நீங்க பேசின லெட்சணம் தெரியும். வாங்க."

ஏறினோம். வெயில் மரங்களுக்குள் சாய்ந்துவிட்டிருந்தது. பாதியில் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினோம். பாறையில் ஏறியதும் போனைக் கேட்டு வாங்கி, பொன்னுலிங்கம் பேரைத் தேடித் தானே போட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள், நானும் கேட்க வேண்டும் என்பதற்காக.

"அண்ணே, செல்லபாயாக்கும்."

"என்ன செல்லபாய், டின்னு ரெடியாமே."

"டின்னு ரெடி. ஆளு வரல்ல."

"அய்யோ, இப்பந்தானே அவன்…"

"அவரு விவரமில்லாம பறைஞ்சிட்டாரு. நான் பறையதாக்கும் கணக்கு. அவரு இனி எங்கோட்டும் வரமாட்டாரு. வீட்டுல அவருக்கு ஏகப்பட்ட பணி கெடக்கு. வாழைக்கு தடம் எடுக்கணும், ஓடு மாத்தணும், தேங்கா உரிக்கணும். நீங்க வேற ஆளப் பாருங்க, கோவிச்சுக்காதீங்க."

அந்தப் பக்கம் பொன்னுலிங்கம் இருமிக்கொண்டார். "கோவம் ஒண்ணும் இல்ல. எனக்க பெஞ்சாதி இப்படி ஒரு போனு பண்ணுவாளான்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். பிறகு, "அப்ப முந்திரிக்கொத்து?" என்றார்.

"எனக்க தங்கச்சி மகன் லிஜின் அடுத்த வாரம் தோகாவுக்கு வாறான். குடுத்து விடுதேன்."

"முழுசாட்டா?"

"முழுசாட்டுத்தான். உடைஞ்சத குடுத்து விடுவேனா?"

போனை என்னிடம் தராமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டு இறங்கினாள். நான் மறுபடி யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடக் கூடாதல்லவா.

கீழே வந்தபோது அக்கரை மலை நீலமாகிவிட்டிருந்தது. இருவாச்சி ஒன்று இறக்கை சத்தத்தோடு தண்ணீருக்கு மேலே குறுக்கே பறந்து காட்டுக்குள் போனது. செல்லபாய் அண்ணாந்து அது மறைகிற வரைக்கும் பார்த்தாள். அப்புறம் அடுப்புப் பக்கம் போனாள். நான் பழக்கதோஷத்தில் மடக்கு நாற்காலியைப் பார்த்து நடந்தேன்.

"அங்க எங்க போறிய?" என்றாள். "மீனு அப்படியே கெடக்கு. உரசிட்டு வாங்க. எட்டு பேருக்கு வச்சவரு, ரெண்டு பேருக்கு வைக்க மாட்டியளா? நான் கப்பையப் பாக்குதேன்."

மீன் சட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்குப் போனேன். கெண்டைக்குச் செதில் தடிமன். செதில் முகத்தில் தெறிக்க உரசும்போது, இந்த எட்டு மாதத்தில் இல்லாத ஒரு சந்தோஷம் வந்து என் கையில் நின்றது. "தலைய கழிக்காதீங்க" என்று பின்னாலிருந்து குரல். கழிக்கவில்லை. "வால் கிட்ட செதிலு நிக்குது." இன்னொரு தடவை உரசினேன்.

மீன் கொதிக்கிற நேரத்தில் ஆறிப்போன கட்டன்சாயாவைச் சூடாக்கி ஊற்றினாள். டின்னைத் திறந்தாள். உள்ளே கொத்து கொத்தாக, மும்மூன்றாக, ஒன்றுகூட உடையாமல் இருந்தது. மடியில் வைத்துக் காத்ததன் பலன். நான் கையை நீட்டினேன். புறங்கையில் ஒரு அடி விழுந்தது.

"அது பொன்னுலிங்கம் அண்ணனுக்கு."

மூடியை அழுத்தி மூடி, கீறிப்போன டேப்பை விரலால் தேய்த்துத் தேய்த்து ஒட்டவைத்தாள். பிறகு பையின் அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். கொத்து விட்டுப் பிரிந்தது, மேலோடு போனது, பாதி பொடிந்தது எல்லாம் அதில் இருந்தது. தனக்கென்று எடுத்து வந்தது. எப்போதும் அவள் தின்பது அதைத்தான். ஒரு பிடி அள்ளி என் கையில் போட்டாள். தமாமில் நான் தின்றதெல்லாம் முழுசு. உடைந்தது எனக்குக் கிடைத்தது இதுதான் முதல் தடவை.

"வீட்டுல இருக்கவங்களுக்கு உடைஞ்சதாக்கும். தெரியுமில்லியா?" என்றாள்.

தெரியும் என்று சொல்ல முயன்றேன். வாய் நிறையப் பயறும் சர்க்கரையும் இருந்தது. அவள் எதிரே உட்கார்ந்து, நான் தின்பதைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.